கவட்டியில் வலியா? உடனே உருவாதீர்கள்!

பொங்கல் நெருங்கினால் ஊருக்கு ஊர் கபடிப் போட்டி. போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தால் பள்ளி மைதானத்தில் விடியற்காலை நாலரை மணிக்கே ஓட்டம். இந்த இரண்டு சீசனிலும் என் வைத்தியசாலைத் திண்ணையில் காலை அகட்டி அகட்டி நடந்து வருகிற இளைஞர்களைப் பார்க்கலாம். வந்து உட்கார்ந்ததும் சொல்வது ஒரே வாசகம்தான்.

"கவட்டியில சுளுக்கு பிடிச்சிக்கிச்சு டாக்டர். கொஞ்சம் எண்ணெய் போட்டு உருவி விடுங்க."

கூட வந்த அம்மாவும் அதையேதான் சொல்வார். சித்த வைத்தியர் என்றாலே எண்ணெய்க் கிண்ணமும் கட்டை விரலும்தான் என்று நம் ஜனங்களுக்கு ஒரு எண்ணம். நான் முதலில் கையை வைப்பதில்லை. கேள்விதான் கேட்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

'சுளுக்கு' என்பது ஒரே வார்த்தை. ஆனால் தொடையிலும் தொடை இடுக்கிலும் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. அதில் பாதி, பத்து நாள் ஓய்வில் தானே சரியாகிவிடும். சில, மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டு மூன்று மட்டும், கவனிக்காமல் விட்டால் ஒரு உறுப்பையே காவு வாங்கிவிடும். எது எது என்று வீட்டிலிருப்பவர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்க வேண்டாமா?

உள்ளங்கை அகலத்தில் இத்தனை சமாச்சாரமா?

உங்கள் உள்ளங்கையை விரித்துத் தொடை இடுக்கில் வைத்துப் பாருங்கள். அந்த ஓர் இடத்தில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? உள்தொடையில் ஐந்து சதைகள். அகட்டிய காலை உள்ளே இழுப்பது இவைதான். முதுகெலும்பில் புறப்பட்டு வயிற்றுக்குள்ளேயே இறங்கி வந்து தொடை எலும்பில் முடிகிற ஒரு பெரிய சதை. படியேற முழங்காலைத் தூக்குவது இது. அடிவயிறு தொடையோடு சேருமிடத்தில், குடல் பிதுங்க வாய்ப்புள்ள ஒரு பலவீனமான வழி. ஆழத்தில், கிண்ணத்துக்குள் பந்து சுழலுவது போன்ற இடுப்பு மூட்டு. இவை தவிர, ரத்தக் குழாய்கள், நரம்புகள், நெறிக் கட்டிகள். ஆண்களுக்கு விரைக்குப் போகிற நாளம் வேறு.

இதில் எது புண்பட்டாலும் வலி வந்து சேருமிடம் அந்த உள்ளங்கை அகலம்தான். அதனால்தான் டாக்டர்களுக்கே இது குழப்பமான இடம். 2014-ஆம் வருஷம் தோஹா நகரில் 14 நாடுகளிலிருந்து 24 நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். விளையாட்டு வீரர்களின் கவட்டி வலியை எப்படிப் பெயரிட்டு அழைப்பது என்பதற்காகவே அந்தக் கூட்டம்! உள்தொடைச் சதை, இடுப்பை மடக்கும் முன்சதை, அடிவயிற்று ஓரம், முன்னால் இருக்கிற இணைப்பு எலும்பு என்று நாலாகப் பிரித்தார்கள். இடுப்பு மூட்டைத் தனியாக வைத்தார்கள். 'மற்றவை' என்று ஒரு கூடை மீதி. ஆபத்தானவை பெரும்பாலும் அந்தக் கூடையில்தான் இருக்கின்றன.

அதிகம் வருவது உள்தொடைச் சதை

கபடியில் பாடிப் போகிறவர் கோட்டைத் தொட ஒரு காலை நீட்டித் தாவுகிறார். பின்னால் இருப்பவர் மற்றொரு காலைத் தொடையோடு கட்டிப் பிடிக்கிறார். இரண்டு காலும் இரண்டு திசையில்! உள்தொடைச் சதை என்ன செய்யும், பாவம்? எலும்பில் ஒட்டியிருக்கிற இடத்திலோ, கொஞ்சம் கீழேயோ நார் நாராகப் பிய்ந்துகொள்கிறது. புட்பாலில் பந்தைக் காலின் உட்புறத்தால் ஓங்கி உதைக்கும்போதும் இதேதான்.

பெரிய வீரர்களும் இதற்குத் தப்புவதில்லை. டோக்கியோவில் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கிய நீரஜ் சோப்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூலையில் அமெரிக்காவின் யூஜின் நகரில் உலகப் போட்டி. 88.13 மீட்டர் எறிந்து வெள்ளி வாங்கினார். ஆனால் கவட்டியில் பிடித்துக்கொண்டது. சில நாட்களில் பர்மிங்காமில் காமன்வெல்த் போட்டி. அவர் போகவில்லை, ஓய்வெடுத்தார். ஆகஸ்ட் கடைசியில் லாசான் நகரில் 89.08 மீட்டர் எறிந்து முதலாவதாக வந்தார். ஒரு பெரிய போட்டியை விட்டுக்கொடுத்தார், அடுத்த மாதமே ஜெயித்தார். நம் பிள்ளைகளோ உள்ளூர் சுழற்கோப்பைக்காக வலியோடு மூன்று ஆட்டம் ஆடிவிட்டு மூன்று மாதம் படுக்கிறார்கள்!

இது உள்தொடைச் சதைதானா என்று பார்க்க ஒரு எளிய வழி. மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் மடக்கிக்கொள்ளுங்கள். முழங்கால்களுக்கு நடுவில் கை முஷ்டியையோ சுருட்டிய துண்டையோ வைத்து அழுத்திப் பாருங்கள். தினம் வலிக்கிற அதே இடத்தில் 'சுரீர்' என்றால் பெரும்பாலும் இந்தச் சதைதான். எழும்போதும் முழங்காலை வயிற்றை நோக்கித் தூக்கும்போதும் முன்பக்கம் வலித்தால் இடுப்பை மடக்கும் சதையாக இருக்கலாம். 'படக்'கென்று அறுந்த சத்தம் கேட்டு, மறுநாள் தொடை கறுத்துக் கன்றிப் போயிருந்தால் கிழிசல் பெரிது. வீட்டு வைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

வேகமாக ஓடுகிறவர்களுக்குப் பின்தொடைச் சதை பிடிக்கும். ஓடிக்கொண்டிருந்தவர் யாரோ கல்லால் அடித்த மாதிரி தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். அதே பின்தொடை வலி அடிபடாமலே வந்து, இருமினாலும் தும்மினாலும் கால் வரை மின்சாரம் போல இறங்கினால் குற்றவாளி தொடை அல்ல; முதுகெலும்பு. தொடையை எவ்வளவு நீவினாலும் அது தீராது.

தொடையில் முழங்கால் இடித்தால்...

இதை எல்லாக் கபடிக் குழுக்களும் எழுதி ஒட்டி வைக்க வேண்டும். எதிராளியின் முழங்கால் வந்து முன்தொடையில் 'நச்'சென்று இடிக்கிறது. உள்ளே சதை நசுங்கி ரத்தம் கட்டிக்கொள்கிறது. உடனே நாலு பேர் சேர்ந்து சூடாக எண்ணெய் காய்ச்சி, ரத்தக்கட்டு கரையட்டும் என்று அழுத்தி அழுத்தித் தேய்ப்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் பலன் விபரீதம்! அழுத்தித் தேய்க்கத் தேய்க்க உள்ளே இன்னும் ரத்தம் கசியும். சிலருக்கு அந்த ரத்தக்கட்டுக்குள் சில வாரங்களில் சுண்ணாம்பு படிந்து, சதைக்குள்ளேயே எலும்பு போல ஒரு கட்டி வளர்ந்துவிடும். பிறகு முழங்காலை முழுக்க மடக்க முடியாது.

இப்படி இடி வாங்கினால் முழங்காலை வலி தாங்குகிற அளவுக்கு மடக்கி, குளிர் ஒற்றடம் வைத்து, அப்படியே துணியால் கட்டிவிடுங்கள். முதல் நாள் முழுக்க அதிகம் நடக்க வேண்டாம். தொடை கல் போல இறுகிக்கொண்டே போய், வலி ஏறிக்கொண்டே இருந்து, பாதம் மரத்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

சுளுக்கு வேஷம் போடுகிறவை

இருமும்போதும் பளு தூக்கும்போதும் இடுக்கில் முட்டை போலப் புடைத்து, படுத்தால் உள்ளே போய்விடுகிறதா? அது குடலிறக்கம். அறுவை சிகிச்சைதான் வழி. பெல்ட்டோ பற்றோ பலவீனமான இடத்தைத் தைத்துவிடாது. புடைப்பு உள்ளே போகாமல் சிக்கி, வலியும் வாந்தியும் வந்தால் அது அவசரம். சில வீரர்களுக்குப் புடைப்பே தெரியாது. ஆனால் ஆடும்போது அடிவயிற்று ஓரத்தில் வலிக்கும், ஓய்வெடுத்தால் போய்விடும், மறுபடி ஆடினால் திரும்பி வரும். இதையும் மாதக்கணக்கில் 'சுளுக்கு' என்று தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அடுத்தது நெறி. வெறுங்காலில் மண்ணில் விளையாடுகிற பிள்ளைகளுக்குக் குதிகால் வெடிப்பு, விரல் இடுக்கில் சேற்றுப்புண், முள் குத்திய இடம் எல்லாம் சகஜம். கிருமி அதன் வழியாக ஏறினால் தொடை இடுக்கில் நெறி கட்டும். தொட்டால் கோலிக்குண்டு போல உருளும், காய்ச்சலும் வரலாம். இதை நீவவே கூடாது. பாதத்தைப் புரட்டிப் பாருங்கள், புண் அங்கே இருக்கும். அதற்குத்தான் வைத்தியம். நெறி இரண்டு மூன்று வாரத்தில் வற்றாவிட்டாலும், பெரிதாகிக்கொண்டே போனாலும், திரும்பத் திரும்பக் காய்ச்சலோடு கட்டினாலும் ரத்தப் பரிசோதனை அவசியம்.

ஈர ஜட்டியோடு மணிக்கணக்கில் ஆடினால் வருகிற படர்தாமரையும் இடுக்கில் எரிச்சலையும் வலியையும் தரும். தோலில் வட்டமாகச் சிவந்திருக்கும், அரிக்கும். கடையில் கேட்டு வாங்குகிற 'எல்லாம் கலந்த' களிம்பு வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் படை பம்மிக்கொண்டு பரவும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். சினைப்பையில் கட்டியிருந்தாலும் வலி கவட்டிப் பக்கம் வரலாம். ஓடுகிற பெண்ணுக்கு மாதவிலக்கு நாலைந்து மாதமாக வரவில்லை, சாப்பாடும் குறைவு என்றால் எலும்பு பலமிழந்திருக்கலாம். 'விளையாடுகிற பெண்களுக்கு அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள்.

இந்த மூன்றுக்கும் தாமதமே கூடாது

ஒன்று: விரை முறுக்கு. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயது வரை அதிகம். திடீரென்று, தூக்கத்தில்கூட, அடிவயிற்றிலோ இடுக்கிலோ தாங்க முடியாத வலி, வாந்தி, ஒரு பக்க விரை வீங்கி மேலே ஏறியிருக்கும். ரத்தம் போகிற நாளமே முறுக்கிக்கொள்கிறது. ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். நேரம் போகப் போக அந்த விரையை இழக்க வேண்டியதுதான். பையன்கள் வெட்கப்பட்டு 'வயிற்று வலி' என்று மட்டும் சொல்வார்கள். அப்பாக்களே, நீங்கள்தான் தனியாகக் கூட்டிப் போய்க் கேட்க வேண்டும். மகன் உங்களிடம் இதைச் சொல்லத் தயங்காத அளவுக்கு வீட்டில் பேச்சு இருக்க வேண்டும்.

இரண்டு: வளரும் வயதில் இடுப்புப் பந்து நழுவுவது. பத்திலிருந்து பதினைந்து வயது. பெரும்பாலும் கொஞ்சம் குண்டான பிள்ளைகள். தொடை எலும்பின் மேல் நுனியில் இருக்கிற பந்து, வளர்ச்சிப் பகுதியில் மெல்ல வழுக்கி இறங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், பிள்ளை இடுப்பைக் காட்டாது. தொடையையோ முழங்காலையோதான் காட்டும்! முழங்கால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். 'ஒன்றுமில்லை, போய் விளையாடு' என்று அனுப்பிவிடுவார்கள். பிள்ளை நொண்டுகிறதா, நடக்கும்போது அந்தப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் நடக்கவே விடாமல் தூக்கிக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போய் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ஆணி போட்டு நிறுத்திவிடலாம். இந்தக் காலை யாராவது 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று இழுத்து முறுக்கினால் பந்துக்குப் போகிற ரத்தமே அறுந்து, இடுப்பு ஆயுசுக்கும் கெட்டுவிடும்.

மூன்று: தொடை எலும்பின் கழுத்தில் விரிசல். இதுதான் போலீஸ், ராணுவத் தேர்வுக்கு ஓடுகிறவர்களின் எதிரி. இரண்டு வருஷம் கடையில் உட்கார்ந்திருந்த பையன், அறிவிப்பு வந்ததும் தினம் பத்து கிலோமீட்டர் ஓட ஆரம்பிக்கிறான். விழவில்லை, அடிபடவில்லை, எலும்பு அலுத்துப்போய் மயிரிழை போல விரிகிறது. ஓடினால் கவட்டியில் ஆழமாக வலிக்கும். நின்றால் குறையும். பிறகு நடந்தாலும், ராத்திரி படுத்தாலும் வலிக்கும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் ஒருநாள் 'மளுக்'கென்று முழுதாக முறிந்துவிடும். தேர்வு அடுத்த வருஷமும் வரும் தம்பி. இடுப்பு வராது.

இன்னொரு எச்சரிக்கை. உடம்பு ஏற்றுவதற்காக ஸ்டீராய்டு ஊசி போடுகிறவர்களுக்கும், பெயரும் முகவரியும் ஒட்டாத பொட்டலப் பொடியை 'நாட்டு மருந்து' என்று மாதக்கணக்கில் தின்கிறவர்களுக்கும், நிறையக் குடிக்கிறவர்களுக்கும் இடுப்புப் பந்து ரத்தம் இல்லாமல் செத்துப்போகும் நோய் வரலாம். பொட்டலப் பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். சித்த மருத்துவம் படித்தவன் என்ற முறையில்தான் சொல்கிறேன்: லேபிள் இல்லாத மருந்து எங்கள் மருந்து அல்ல.

சரி, சுளுக்குத்தான் என்றால்?

மேலே சொன்ன ஆபத்து எதுவும் இல்லை, சதைப் பிடிப்புதான் என்று தெரிந்தால் முதல் மூன்று நாள் இப்படி:

ஆட்டத்தை அந்த நிமிஷமே நிறுத்துங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் போதும். வெறும் தோலில் ஐஸ் வைக்காதீர்கள். தொடையை அகலத் துணியால் மிதமாகக் கட்டலாம். சூடு, எண்ணெய், உருவல், இழுத்து நீட்டும் பயிற்சி நாலும் கூடாது.

"இதென்ன டாக்டர், சித்த வைத்தியத்தில் தொக்கணம் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. புற மருத்துவம் 32 வகை என்று படித்திருக்கிறோம். தொக்கணத்திலேயே தட்டல், இறுக்கல், பிடித்தல் என்று ஒன்பது விதம். ஆனால் எதற்கும் காலம் உண்டு. புதுப் புண்ணில், வீக்கம் சூடாக இருக்கும்போது அழுத்தக் கூடாது. நாலாம் நாளிலிருந்து வீக்கம் தணிந்திருந்தால், நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து இளஞ்சூடாக ஒற்றடம் கொடுக்கலாம். மூசாம்பரத்தை முட்டை வெண்கருவில் குழைத்துத் தொடையில் பற்றுப் போடலாம். இடுக்கு மடிப்பில் வேண்டாம், தோல் புண்ணாகும். முன்தொடை இடிக்கு இந்தச் சூடும் வேண்டாம், வைத்தியரைக் கேட்டுச் செய்யுங்கள். சர்க்கரை நோயாளிகள் சூட்டைக் கையில் தொட்டுப் பார்த்தே வைக்க வேண்டும். தைலத்தை மெல்லத் தடவினால் போதும். அதுவும் ஆறுதலுக்குத்தான். குணப்படுத்துவது வேறு ஒன்று.

அது என்ன? உடற்பயிற்சி! 1999-இல் டென்மார்க்கில், நாள்பட்ட கவட்டி வலி இருந்த 68 விளையாட்டு வீரர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு லேசர், மின்சாரத் தூண்டல், அழுத்தித் தேய்த்தல், சதையை நீட்டல். மற்றொரு பிரிவுக்குச் சதையை வலுவாக்கும் பயிற்சி. இரண்டும் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம். முடிவில் பயிற்சி செய்தவர்களில் 23 பேர் வலியே இல்லாமல் களத்துக்குத் திரும்பினார்கள். மற்ற பிரிவில் 4 பேர்தான்! மேஜையில் படுத்துத் தேய்த்துக்கொள்வது சுகம். ஆனால் எழுந்து வேலை செய்கிற சதைதான் தேறும்.

வலுவாக்குவது எப்படி?

வலி தணிந்ததும் முதல் படி: மல்லாந்து படுத்து, முழங்கால்களுக்கு நடுவில் வாலிபால் வைத்து ஐந்து எண்ணும் வரை அழுத்தி விடுங்கள். பத்துத் தடவை. லேசான வலி பரவாயில்லை, 'சுரீர்' கூடாது.

இரண்டாம் படி: பழைய சைக்கிள் டியூபை ஒரு தூணில் கட்டி, மறுமுனையைக் கணுக்காலில் மாட்டி, நின்றபடி காலை மெல்ல உள்பக்கம் இழுத்து, இன்னும் மெல்ல வெளியே விடுங்கள். ஒரு காலுக்குப் பத்து. இரண்டு காலுக்கும் செய்ய வேண்டும்.

மூன்றாம் படி, முழுக்கக் குணமானவர்களுக்கும் இனி வராமல் தடுப்பதற்கும்: ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். மேல் காலை நண்பர் இடுப்பளவில் பிடித்துக்கொள்வார். அந்தக் காலின் பலத்தில் இடுப்பைத் தூக்கி, கீழ்க் காலை மேல் காலோடு சேர்த்து, மெல்ல இறக்க வேண்டும். நார்வேயில் புட்பால் குழுக்களிடம் இந்தப் பயிற்சியைச் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். சீசனுக்கு முன்பு வாரம் மூன்று தரம், சீசனில் வாரம் ஒரு தரம். செய்த குழுக்களில் கவட்டித் தொல்லை ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. செலவு? ஒரு பைசா இல்லை. பி.டி. வாத்தியார்களும் குழுத் தலைவர்களும் இதைக் கவனியுங்கள்.

எப்போது மறுபடி ஆடலாம்? நாளை எண்ணாதீர்கள், உடம்பைக் கேளுங்கள். நொண்டாமல் நடக்கிறீர்களா? முஷ்டி வைத்து அழுத்தினால் வலி இல்லையா? மெது ஓட்டம், முழு வேகம், சட்டென்று திரும்புவது, எல்லாம் வலியில்லாமல் வருகிறதா? இத்தனைக்கும் 'ஆமாம்' என்றால் களத்தில் இறங்குங்கள். லேசான பிடிப்புக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். பெரிய கிழிசலுக்கு இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். ஒருமுறை பிடித்த சதை மறுமுறையும் பிடிக்கும் என்பதை மறக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. யாரிடம் வைத்தியத்துக்குப் போனாலும் நான்கு விஷயத்தை நீங்களே சொல்லுங்கள்: வலி எப்போது, எப்படித் தொடங்கியது? ராத்திரி வலிக்கிறதா? காய்ச்சலோ வாந்தியோ உண்டா? இருமினால் புடைக்கிறதா? இதைக் கேட்காமல், இடுப்பை அசைத்துப் பார்க்காமல், நேராக எண்ணெயை ஊற்றுகிறவர் யாராக இருந்தாலும் சரி, என்னைப் போன்ற சித்த வைத்தியராகவே இருந்தாலும் சரி, "கொஞ்சம் பொறுங்க ஐயா" என்று காலை இழுத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கால் உங்களுடையது!